ஒரு வருவாய், இரு வரி

மனிதன் தன் ஊரிலேயே உழுது, தன் ஊரிலேயே விற்று, தன் ஊரிலேயே உண்டு வாழ்ந்த காலத்தில் அவனுக்கு ஓர் அரசனே இருந்தான். ஒரு வரியே இருந்தது. அவனது பொருள் எல்லை கடந்து வேற்று நாட்டில் விதையாக விழுந்து, அங்கே விளைந்து, விளைச்சல் மட்டும் வீடு திரும்பும் நிலை ஏற்பட்டபோது இரண்டு அரசுகள் அதன்மேல் கை வைத்தன. ‘இம்மண்ணில் விளைந்தது, ஆகவே எனக்குரிய பங்கைத் தா’ என்றது ஒன்று. ‘இவன் என் குடிமகன், ஆகவே எனக்குரிய பங்கைத் தா’ என்றது மற்றொன்று. இரண்டு கூற்றிலும் நியாயம் உண்டு. இரண்டு நியாயங்களையும் முழுமையாக நிறைவேற்றினாலோ, நடுவில் நிற்பவனின் முதலே கரைந்து போகும்.

இச்சிக்கலுக்கு உலகம் கண்ட தீர்வுகளுள் தலையாயது, ஒரு நாட்டில் செலுத்திய வரியை மற்றொரு நாட்டு வரியில் ஈடு செய்துகொள்ளும் முறை. கணக்கர்கள் இதனை ‘ஃபாரின் டாக்ஸ் கிரெடிட்’ என வழங்குவர். நாம் இதனை அயல்நாட்டு வரி ஈடு எனக் குறிப்போம். கணக்குப் பிள்ளைகளின் ஏட்டில் ஒரு வரியாக அடங்கிவிடும் இந்த ஏற்பாட்டின் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உள்ளது. கடலோரத் தமிழ் மக்களின் வாழ்வும் அவ்வரலாற்றில் கலந்துள்ளது. அதனை ஒருவாறு தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்டை நாளின் சுங்கம்

வருமான வரி பிற்காலத்தது. பண்டை அரசுகள் எல்லையில் நின்று பெற்றது சுங்கம். வள்ளுவர் அரசனுக்குரிய பொருள்களை எண்ணும்போது உல்கு பொருளையும் சேர்த்தே எண்ணுகின்றார். புகார்த் துறைமுகத்தில் சுங்கம் கொள்வோர் சோழனது புலிப்பொறி இட்டமை பட்டினப்பாலையால் அறியக் கிடக்கின்றது. முதற் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் பெயர் பெற்றான் என்றால், சுங்கம் மக்களை எவ்வளவு வருத்தியிருக்க வேண்டும் என்பதை உய்த்துணரலாம்.

இரட்டை வரியைப் பற்றிய மிகத் தெளிவான பழைய வழக்கொன்று அரபு நூல்களில் காணப்படுகின்றது. அப்பாசியக் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூயூசுஃப் (மறைவு 798) எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூல் அரசு வருவாய் பற்றியது. அதில் வரும் செய்தி இது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸியாத் இப்னு ஹுதைர் என்பவரைச் சுங்கம் தண்ட நியமித்தார்கள். தக்லிப் குலத்தைச் சேர்ந்த கிறித்தவ அரபி ஒருவர் ஒரு குதிரையுடன் அவ்வழியே வந்தார். குதிரையின் விலை 20,000 என மதிக்கப்பட்டது. ஸியாத் 1,000 கேட்டார்; அதாவது பத்தில் ஒன்றின் பாதி. அவரும் கொடுத்துச் சென்றார். அதே ஆண்டில் அவர் அதே குதிரையுடன் திரும்பி வரும்போது மீண்டும் 1,000 கேட்கப்பட்டது. அவர் நேரே மக்காவுக்குச் சென்று கலீஃபாவிடம் முறையிட்டார். கலீஃபா மிகச் சுருக்கமாக, அவருக்கு வேண்டியது செய்யப்படும் என்ற பொருளில் ஒரு சொல் மட்டுமே சொன்னார்கள். தம் முறையீடு பலிக்கவில்லை என எண்ணி, இரண்டாவது ஆயிரத்தையும் கொடுத்துவிடும் மனத்தோடு அவர் திரும்பினார். ஆனால் அவருக்கு முன்பே கலீஃபாவின் கடிதம் சாவடியை அடைந்திருந்தது. ஒரு பொருளுக்கு ஒருமுறை பெற்றபின், அடுத்த ஆண்டின் அதே நாள் வரை, கூடுதலான பொருள் இருந்தாலன்றி மீண்டும் பெறலாகாது என்பது அக்கடிதத்தின் கருத்து.

இங்கே இரண்டு முறை கேட்டது ஒரே அரசு. ஆதலால் ஒரு கடிதத்தில் சிக்கல் தீர்ந்தது. இரண்டு அரசுகள் கேட்டால் என்ன செய்வது? அதற்கும் அக்காலத்திலேயே ஒரு வழி கண்டனர். முஸ்லிம் வணிகர்கள் அயல் நாடுகளுக்குச் சென்றால் அந்நாட்டார் பத்தில் ஒன்று பெறுகின்றனர் என அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) எழுதியபோது, அந்நாட்டு வணிகர் இங்கு வந்தால் அவ்வாறே பெறுமாறு உமர் (ரலி) அவர்கள் மறுமொழி விடுத்தார்கள். அவர்கள் செய்வது போல் நாமும் செய்வோம் என்னும் இந்தப் பரிமாற்ற நெறி, 20ஆம் நூற்றாண்டின் வரி ஒப்பந்தங்களில் மறுபடி தலை தூக்குவதைப் பின்னர்க் காண்போம்.

சட்ட அறிஞர்களிடையே எழுந்த மற்றொரு கருத்து வேறுபாடும் இங்கு நோக்கத்தக்கது. கராஜ் என்னும் நிலவரி விதிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த விளைச்சலுக்கு உஷ்ர் என்னும் பத்தில் ஒன்றும் செலுத்த வேண்டுமா? இமாம் அபூஹனீஃபா, இரண்டும் ஒரு நிலத்தில் ஒன்றுசேரா என்றார்கள். ஏனைய இமாம்கள் மூவரும், ஒன்று நிலத்தைப் பற்றியது, மற்றொன்று விளைச்சலைப் பற்றியது. காரணம் வேறாதலின் கடமையும் வேறு என்றார்கள். மண்ணுக்கு ஒரு வரியும் மனிதனுக்கு ஒரு வரியும் கேட்கும் இக்காலச் சிக்கலின் கருவை இவ்விவாதத்தில் நாம் காணலாம். காரணம் இரண்டாயின் வரியும் இரண்டாகலாம் என்பது ஒரு தரப்பு. எத்தனை காரணம் கூறினும் பொருள் ஒன்றே, அது ஒருமுறையே சுமக்கட்டும் என்பது மறு தரப்பு.

போரும் வருமான வரியும்

பிரிட்டனில் வருமான வரி நெப்போலியப் போர்க் காலத்தில் 1799இல் தோன்றி, இடையில் மறைந்து, 1842இல் மீண்டும் வந்து நிலைத்தது. இந்தியாவில் 1860இல் ஜேம்ஸ் வில்சன் அதனைப் புகுத்தினார். வரி விகிதம் சிறிதாக இருந்தவரை இரண்டு நாட்டில் செலுத்துவோரின் முணுமுணுப்பு எவர் காதிலும் விழவில்லை. 1899இல் பிரஷ்யாவும் ஆஸ்திரிய ஹங்கேரியும் செய்துகொண்ட உடன்படிக்கையையே இத்துறையின் முதல் ஒப்பந்தமாக வரலாற்றாசிரியர் பலர் குறிப்பர்.

1914இல் மூண்ட பெரும்போர் எல்லாவற்றையும் மாற்றியது. பிரிட்டனில் போருக்கு முன் பவுனுக்கு 1 ஷில்லிங் 2 பென்ஸாக இருந்த வரி, 1918இல் 6 ஷில்லிங் ஆயிற்று. பவுனுக்கு 20 ஷில்லிங் ஆதலின், இது 30 விழுக்காடு. இந்தியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ முதலிட்ட ஆங்கிலேயர், அங்கும் வரி கொடுத்து, இங்கும் இவ்வளவு கொடுக்க வேண்டியவரானார். கூக்குரல் எழுந்தது. 1916இல் தற்காலிகமாகவும், 1920இல் நிலையாகவும், பேரரசுக்குள் இரட்டை வரிக்குத் தணிவு அளிக்கப்பட்டது. பிரிட்டன் தன் விகிதத்தில் பாதி வரை விட்டுக்கொடுக்கும்; அதற்கு மேல் தேவையானதைக் குடியேற்ற நாடு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது 1920ஆம் ஆண்டின் ஏற்பாடு. 1922ஆம் ஆண்டின் இந்திய வருமான வரிச் சட்டத்தில் 49ஆம் பிரிவு இதற்கு இணையாகவே அமைந்தது. சுருங்கச் சொன்னால், இலண்டனில் வாழ்ந்த முதலாளியின் சுமையை இறக்க இந்தியக் கருவூலமும் தோள் கொடுத்தது.

அமெரிக்கர் கண்ட வழி

இதனினும் துணிவான வழியை அமெரிக்கா கண்டது. அந்நாட்டில் நிலையான வருமான வரி 1913இல் தொடங்கிற்று. அயல்நாட்டில் கொடுத்த வரியை ஒரு செலவாகக் கழித்துக்கொள்ளவே முதலில் அனுமதி இருந்தது. போரின் முடிவில் அமெரிக்க வரியின் உச்ச விகிதம் 77 விழுக்காட்டை எட்டியது. வெளிநாட்டு வரியும் சேர்ந்தால் எஞ்சுவது யாது? 1918ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டம், 1919 பெப்ரவரியில் நிறைவேறியபோது, அயல்நாட்டு வரியைச் செலவாக அன்றி, வரியாகவே ஏற்று ஈடு செய்யும் முறையைப் புகுத்திற்று. யேல் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியரும் கருவூல ஆலோசகருமான தாமஸ் ஆடம்ஸ் இதன் மூலவராகக் கருதப்படுகின்றார். வேறு நாடு எதுவும் பதிலுக்கு ஒன்று செய்ய வேண்டும் என்று காத்திராமல், ஒரு நாடு தானாகவே தன் உரிமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தது அன்று புதுமை.

செலவாகக் கழிப்பதற்கும் வரியாக ஈடு செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒருவருக்கு அயல்நாட்டுப் பங்குகளிலிருந்து 1,000 ரூபாய் ஆதாயம் வருகின்றது. அந்நாட்டு வரி 20 விழுக்காடு. சொந்த நாட்டு வரி 30 விழுக்காடு. தணிவு எதுவும் இல்லையெனில் அவர் 200ம் 300ம் சேர்த்து 500 கொடுப்பார். செலவாகக் கழிக்கும் முறையில், எஞ்சிய 800க்கு 30 விழுக்காடான 240 சேர்த்து 440 கொடுப்பார். ஈட்டு முறையில், கொடுக்க வேண்டிய 300இல் முன்னர்க் கொடுத்த 200ஐக் கழித்து 100 மட்டும் கொடுப்பார். ஆக மொத்தம் 300. அயல் வருவாய்க்கு உள்நாட்டில் வரியே இல்லை என்னும் விலக்கு முறையில் 200 மட்டும் கொடுப்பார். ஈட்டு முறையில் அவர் உள்ளூரில் ஈட்டிய ஒருவர் கொடுக்கும் அதே வரியையே கொடுக்கின்றார், கூடுதலுமில்லை, குறைவுமில்லை. அம்முறையின் நீதி இதுதான்.

ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. அயல்நாட்டு வரி உள்நாட்டு வரியினும் மிகுதியாயின், மிகுதியை உள்ளூர் வருவாயின் வரியிலும் கழித்துக்கொள்ள முடிந்தது. அதாவது பிரிட்டிஷ் கருவூலத்துக்குச் சென்ற பணத்தை அமெரிக்கக் கருவூலம் ஈடு கட்டியது. 1921இல் இவ்வோட்டை அடைக்கப்பட்டது. அயல் வருவாயின் மேல் உள்நாட்டில் எவ்வளவு வரி விழுமோ அவ்வளவே ஈட்டின் உச்ச வரம்பு என விதித்தனர். இன்று எந்த நாட்டில் ஈட்டு முறை இருப்பினும் இவ்வரம்பு பெரும்பாலும் அதனுடன் சேர்ந்தே இருக்கக் காண்கிறோம்.

வட்டியும் ஆதாயப் பங்கும் முதலீட்டு வருவாய்களாகும். இவற்றுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தொழிற்சாலையைப் பெயர்த்துச் செல்வது கடினம். வங்கி வைப்பை ஒரு கடிதத்தால் நாடு மாற்றலாம். அதிக வரி செலுத்திய நாட்டின் மிச்ச ஈட்டைப் பயன்படுத்துவதற்காகவே, வரி குறைந்த நாடுகளில் பணத்தை வைத்து வட்டி ஈட்டினர் பலர். ஆகவே அமெரிக்கர் 1962இல் இத்தகைய வட்டிக்குத் தனி வரம்பு விதித்தனர். 1986ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் முதலீட்டு வருவாய் முழுவதும் ஒரு தனிக் கூடையில் இடப்பட்டது. ஒரு கூடையின் மிச்சம் மறு கூடைக்குச் செல்லாது. 1997இல், ஆதாயப் பங்கு வழங்கும் நாளை ஒட்டிப் பங்கை வாங்கி உடனே விற்று ஈட்டை மட்டும் கொண்டு செல்வோரைத் தடுக்க, குறைந்தது 16 நாளேனும் பங்கைக் கையில் வைத்திருக்க வேண்டும் எனவும் விதித்தனர். விதி வளர்ந்த வரலாறு பெரும்பாலும் விதியைத் தாண்ட முயன்றோரின் வரலாறே ஆகும்.

நால்வர் அறிக்கை

போருக்குப் பின் நாட்டுக்கு நாடு முதல் பெயர்ந்தாலன்றி ஐரோப்பா எழ முடியாது என்ற நிலை. சர்வதேச சங்கம் இச்சிக்கலை நான்கு பொருளியல் அறிஞர்களிடம் ஒப்படைத்தது. ராட்டர்டாம் நகரின் புரூயின்ஸ், டூரினின் ஐனாவுதி, நியூயார்க்கின் செலிக்மன், இலண்டனின் சர் ஜோசையா ஸ்டாம்ப் ஆகியோர் அந்நால்வர். இவருள் ஐனாவுதி பின்னாளில் இத்தாலியக் குடியரசின் தலைவரானார். 1923இல் அவர்கள் அளித்த அறிக்கை, வரி கேட்கும் உரிமைக்குப் பொருளாதாரப் பிணைப்பே அடிப்படை என்றது. செல்வம் எங்கே உண்டாயிற்று, எங்கே இருக்கின்றது, அதன்மேலுள்ள உரிமை எங்கே நிலைநாட்டப்படும், உடையவன் எங்கே வாழ்ந்து அதனை நுகர்கின்றான் என்னும் நான்கு கேள்விகளைக் கேட்டு, எப்பிணைப்பு வலியதோ அதற்கே முதன்மை தரலாம் என்றனர். நிலமும் தொழிற்சாலையும் இருக்கும் இடத்தோடு பிணைந்தவை. பங்கும் பத்திரமும் பெரும்பாலும் உடையவனோடு பிணைந்தவை என்பது அவர்களது சாய்வு.

அறிவுக்கு இது பொருத்தமாகத் தோன்றும். ஆனால் பங்கும் பத்திரமும் உடையவர் எங்கே வாழ்ந்தனர்? இலண்டனிலும் நியூயார்க்கிலும் ஆம்ஸ்டர்டாமிலும். அவற்றுக்கு வட்டி தந்தவர் எங்கே வாழ்ந்தனர்? ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும். ஆகவே உடையவன் வாழும் நாட்டுக்கே உரிமை என்ற நெறி, கடன் கொடுத்த நாட்டுக்குச் சாதகமாகவும் கடன் பெற்ற நாட்டுக்குப் பாதகமாகவும் முடிந்தது. 1943இல் மெக்சிகோ நகரில் உருவான மாதிரி ஒப்பந்தம் விளைந்த நாட்டின் பக்கம் சாய்ந்தது. மூன்றே ஆண்டுகளில், 1946இல், இலண்டனில் உருவான மாதிரி வாழும் நாட்டின் பக்கம் சாய்ந்தது. இவ்விரு நகரங்களுக்கு இடைப்பட்ட இழுபறி இன்றளவும் ஓயவில்லை. 1980இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட மாதிரி, வளரும் நாடுகளுக்காக விளைந்த நாட்டின் உரிமையைச் சற்றே மீட்டுத் தந்தது.

வங்கக் கடலின் இரு கரை

இவ்வரலாறு நம் கரைக்கும் வந்தது. இரங்கூனில் சோழிய முஸ்லிம்களின் பள்ளிவாசலும், பினாங்கில் 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், நாகூரிலும் காயலிலும் கீழக்கரையிலும் இருந்து சென்ற மரைக்காயர், இராவுத்தர், இலெப்பை வணிகரின் தடங்களைக் காட்டுவன. செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவின் நெல் வயல்களிலும் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலும் பெரும் முதல் இட்டிருந்தனர். கடையும் வீடும் தோட்டமும் அக்கரையில். மனைவி மக்கள் இக்கரையில்.

நீண்ட காலம் இவர்களுக்கு இரட்டை வரித் தொல்லை பெரிதாக இல்லை. பர்மா இந்தியப் பேரரசின் ஒரு மாகாணமாகவே இருந்தது. இலங்கையில் வருமான வரி 1932இல் தான் வந்தது. மலாயாவில் நிலையான வருமான வரிச் சட்டம் 1947இல் தான் இயற்றப்பட்டது. இந்தியச் சட்டமும், வெளியில் ஈட்டிய வாணிப ஆதாயத்தை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தால் தான் வரி கேட்டது. அங்கேயே மறுமுதலாக இட்டால் கேட்கவில்லை.

1937 ஏப்ரல் 1ஆம் நாள் பர்மா பிரிக்கப்பட்டது. நேற்று வரை உள்நாட்டு வருவாயாக இருந்தது ஒரே இரவில் அயல்நாட்டு வருவாயாயிற்று. இதனை முன்னுணர்ந்தே இந்திய பர்மிய வருமான வரித் தணிவு ஆணை 1936இலேயே பிறப்பிக்கப்பட்டிருந்தது. 1939ஆம் ஆண்டுத் திருத்தம் அடுத்த அடி. இந்நாட்டில் வசிப்பவன் உலகில் எங்கே ஈட்டினும், கொண்டுவந்தாலும் வராவிட்டாலும், வரி உண்டு என்றது அது. கொண்டுவராத அயல் வருவாயில் 4,500 ரூபாய் வரை மட்டும் விட்டுவைத்தது. அக்கரையில் இருந்த பேரேடுகள் இக்கரை அதிகாரியின் மேசைக்கு வரத் தொடங்கியது அப்போதுதான்.

1947இல் நாடு பிரிந்தபோது இதே சிக்கல் இன்னும் கூர்மையாக எழுந்தது. ஒரே நிறுவனத்தின் ஆலை ஒரு நாட்டிலும் விற்பனை மறு நாட்டிலும் சிக்கின. எல்லையில் இரத்தம் உலராத நாளில், அதே ஆண்டு டிசம்பரில், இந்தியாவும் பாகிஸ்தானும் இரட்டை வரியைத் தவிர்க்கும் உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. எத்தனையோ பொருள்களில் ஒத்துப்போகாத இரு அரசுகள் இப்பொருளில் நான்கே மாதத்தில் ஒத்துப்போயின என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

விடுதலை பெற்ற இந்தியா முதலை வரவேற்கும் நாடாக இருந்தது. புதிய தொழில்களுக்கு வரிச் சலுகை அளித்து அயல் முதலை அழைத்தது. ஆனால் ஈட்டு முறை இங்கே ஒரு விபரீத விளைவைத் தந்தது. இந்தியா விட்டுக்கொடுத்த வரி முதலாளியின் கைக்குப் போகாமல், அவன் சொந்த நாட்டுக் கருவூலத்துக்கே போயிற்று. ஏனெனில் இங்கே கொடுக்காத வரிக்கு அங்கே ஈடு இல்லை. ஏழை நாடு செய்த தருமத்தைச் செல்வ நாடு எடுத்துக்கொண்டதற்கு இது ஒப்பாகும். இதற்கு மாற்றாக, விட்டுக்கொடுத்த வரியையும் கொடுத்ததாகவே கருதி ஈடு தர வேண்டும் என வளரும் நாடுகள் கேட்டன. 1957இல் அமெரிக்கா பாகிஸ்தானுடன் செய்த ஒப்பந்தத்தில் அவ்வாறு ஒரு விதி இருந்தது. ஹார்வர்டு பேராசிரியர் ஸ்டான்லி சரே எதிர்த்துச் சாட்சி சொல்ல, செனட் சபை அவ்விதியை ஏற்க மறுத்தது. 1959இல் இந்தியாவுடன் கையெழுத்தான ஒப்பந்தமும் இதே காரணத்தால் நடைமுறைக்கு வராமலே போயிற்று. அவ்விதி இல்லாத வேறோர் ஒப்பந்தம் 1989இல் கையெழுத்தாகி, 1990 இறுதியில் நடைமுறைக்கு வரும்வரை, முப்பதாண்டுகள் கழிந்தன.

ஒரு சொல்லின் வழக்கு

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இரண்டு பிரிவுகளில் தணிவு தந்தது. ஒப்பந்தம் உள்ள நாட்டுக்கு 90ஆம் பிரிவு. இல்லாத நாட்டுக்கு 91ஆம் பிரிவு. ஒப்பந்தம் இல்லாதபோது, இந்திய விகிதம், அந்நாட்டு விகிதம் ஆகிய இரண்டில் எது குறைவோ அவ்வளவுக்குத் தணிவு உண்டு. சட்டமும் ஒப்பந்தமும் மாறுபடுமாயின் வரி செலுத்துவோருக்கு எது நலமோ அதுவே கொள்ளப்படும்.

மலேசியாவுடன் 1976இல் செய்த ஒப்பந்தத்தில், இன்ன வருவாய்க்கு மற்ற நாட்டில் ‘வரி விதிக்கப்படலாம்’ என்ற தொடர் வந்தது. ‘விதிக்கப்படலாம்’ என்றால் என்ன? அங்கே மட்டும் விதிக்கலாம், இங்கே கூடாது என்பதா? அன்றி அங்கேயும் விதிக்கலாம், இங்கேயும் விதித்து ஈடு தரலாம் என்பதா? முன்னதாயின் விலக்கு முறை. பின்னதாயின் ஈட்டு முறை. மலேசியப் பங்குகளும் தோட்டங்களும் உடைய தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வொரு சொல்லில் பெரும் பொருள் அடங்கியிருந்தது. 1994இல் வெளியான சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு முன்னதைக் கொண்டது. ஈப்போ நகரில் இரப்பர்த் தோட்டம் உடைய ஒருவர் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றமும், அவ்வருவாய்க்கு இந்தியாவில் வரி விதிக்க இயலாது எனத் தீர்ப்பளித்தது. 2008 ஆகஸ்டில் நடுவண் அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ‘விதிக்கப்படலாம்’ என ஒப்பந்தத்தில் வரின், அவ்வருவாய் இந்தியக் கணக்கிலும் சேர்க்கப்பட்டு, ஒப்பந்தப்படி தணிவு தரப்படும் என்றது அது. விலக்கின் வாயில் அடைபட்டு, ஈட்டின் வாயிலே எஞ்சியது.

உஸூல் கலை பயின்றோர்க்கு இவ்வழக்கு அறிமுகமான முகம் போலத் தோன்றும். ஒன்றைக் குறித்து ஒரு விதி கூறப்பட்டால், கூறப்படாததற்கு அதன் மறுதலையைக் கொள்ளலாமா என்பதை ‘மஃப்ஹூமுல் முகாலஃபா’ என்ற தலைப்பில் ஆராய்வர். கொள்ளலாம் என்பர் ஷாஃபிஈகள். கூறப்படாததைப் பற்றி அவ்வாசகம் மௌனம் சாதிக்கின்றது, அதற்கு வேறு சான்று வேண்டும் என்பர் ஹனஃபிகள். அங்கே வரி விதிக்கலாம் என்றதிலிருந்து இங்கே கூடாது எனக் கொள்வது முன்னவர் வழியை ஒத்தது. 2008ஆம் ஆண்டு அறிவிக்கை பின்னவர் வழியை ஒத்தது. ஒரு சொல்லின் மௌனத்துக்கு என்ன பொருள் என்பது பழைய மதரஸாத் திண்ணைகளில் மட்டுமன்றி, புதிய நீதிமன்றங்களிலும் வாதிக்கப்படுகின்றது.

இன்றைய நடைமுறை

இன்று தோட்டம் வாங்கக் கப்பலேற வேண்டியதில்லை. சென்னையில் இருந்தபடியே நியூயார்க் சந்தையில் பங்கு வாங்குகின்றனர். 1989ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, இந்தியாவில் வசிக்கும் தனிமனிதருக்கு அமெரிக்க நிறுவனம் தரும் ஆதாயப் பங்கில், உரிய படிவம் தந்திருந்தால், 25 விழுக்காடு அங்கேயே பிடித்துக்கொள்ளப்படும். 1,000 டாலருக்கு 250 போக 750 கைக்கு வரும். ஆனால் கணக்கில் காட்ட வேண்டியது 750 அன்று, 1,000. அவரது இந்திய விகிதம் 30 விழுக்காடாயின், 300இல் 250 ஈடாகும்; எஞ்சிய 50 மட்டும் கொடுப்பார். 20 விழுக்காடாயின், 200 வரையே ஈடு. மிகுந்த 50 எங்கும் திரும்பாது. 1921இல் அமெரிக்கர் வகுத்த வரம்பு இதுதான்.

ஈடு தானாக வருவதில்லை. கேட்டுப் பெற வேண்டும். 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 128ஆம் விதி, அயல் வருவாயின் விவரமும், வரி செலுத்தியதற்கான சான்றும், 67ஆம் எண் படிவமும் கேட்டது. ஒவ்வொரு நாட்டின் ஒவ்வொரு வருவாய்க்கும் தனித்தனியே ஈடு கணக்கிட வேண்டும் என்றது. படிவத்தைத் தாமதமாகத் தந்த காரணத்துக்காக ஈட்டையே மறுத்த நிகழ்ச்சிகள் உண்டு. கென்யாவில் பணியாற்றியவர் ஒருவரின் வழக்கில் 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், அப்படிவம் வழிகாட்டும் நடைமுறையே அன்றி உரிமையை அழிக்கும் வாள் அன்று என்னும் கருத்தில் தீர்ப்பளித்தது. 2025இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டமும் ஈட்டு நெறியைக் கைவிடவில்லை. பிரிவுகளின் எண்களும் படிவங்களின் எண்களும் சட்டம் மாறுந்தோறும் மாறும். கொடுத்ததற்குச் சான்று வைத்திருப்பதும், காலத்தில் கேட்பதும் மாறாத கடமைகள்.

ஒருவர் எண்ணலாம்: இது செல்வர்களின் வழக்கு, நமக்கென்ன என்று. அது முழுமையான பார்வையன்று. ஒரு தலைமுறை அக்கரையில் உழைத்துச் சேர்த்த சிறு வைப்பின் வட்டியும், தந்தை விட்டுச் சென்ற ஒரு கடையின் வாடகையும், அனாதைப் பிள்ளைகளுக்கு வரும் ஆதாயப் பங்கும் இதே விதிக்கு உட்பட்டவை. விதியை அறியாதவர் இருமுறை கொடுக்கின்றார். விதியை அஞ்சுபவர் வருவாயையே மறைக்கின்றார்; மறைத்தது வெளிப்படின் இரண்டு வரியினும் பெரிய தண்டம் வரும். அறிந்தவரோ உள்ளதைக் காட்டி, உரியதைக் கொடுத்து, கொடுத்ததை ஈடாகக் கேட்கின்றார். அரசுக்குரியதை அரசுக்குச் செலுத்துவது போலவே, தமக்குரியதைத் தாம் பெறுவதும் நேர்மையின் ஒரு பகுதியே. தக்லிப் குலத்து வணிகர் தம் குதிரையை மறைத்து ஓட்டவில்லை. கொடுத்ததைச் சொல்லி, மக்கா சென்று கேட்டார். நம் வணிகப் பெருமக்களும், அயல் மண்ணில் பொருளீட்டும் நம் இளைஞரும் கொள்ள வேண்டிய வழி அதுவே ஆகும்.